முடியுமுன் எடுக்க வேண்டிய முள்

அறையில் இருந்தவர்கள் பெரியவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, கணினியோடு வந்திருந்த ஒலிப்பதிவுக்காரன். நால்வர்தான். ஆனால் முதல் இசைத்தட்டை உறையிலிருந்து உருவியபோது, நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ விட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது. அது சுவர்ப் பக்கமிருந்து வந்தது.

பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தத் தகுந்த எதுவும் இந்த மூவர் இருக்கும் இடத்தில் நடந்துவிடாது. அப்பா இதே அறையில் பாடிப் பதிவு செய்த தட்டுகள் இவை. கணினியில் ஏற்றி இணையத்தில் விட்டால் கண்டவனும் பல் துலக்கிக்கொண்டே கேட்பான். தம்பிக்கு அது பெருமையாம்.

“ஒண்ணு போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க அண்ணா. நல்லா இல்லைன்னா விட்டுடலாம்.”

“நல்லா இல்லைன்னாவா? பாடினது அப்பாடா. உன் குறட்டை இல்ல.”

தம்பி மனைவி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

ஒலிப்பதிவுக்காரன் சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அப்பாவின் பழைய இசைப்பெட்டியில் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தான். பூச்சி உருண்டையும் மக்கிய அட்டையும் கலந்த வாடை மெல்ல எழுந்து, சாயங்காலப் புழுக்கத்தோடு சேர்ந்து தொண்டையை அடைத்தது. அதைக் கிழித்துக்கொண்டு, தூறல் போன்ற கீறல் சத்தங்களுக்கு நடுவே, அப்பாவின் குரல் நிமிர்ந்து நடந்து வந்தது. பெரியவரின் முதுகும் நிமிர்ந்தது. பாட்டு இறங்கும் இடத்தில் அவர் கை தானாக முள்ளை நோக்கிப் போயிற்று. கடைசிச் சுரம் அடங்குமுன் முள்ளை எடுத்துவிட வேண்டும். அப்பா வைத்த சட்டம். காரணம் கேட்ட பிள்ளைக்கு அறை விழும்.

“எடுக்காதீங்க சார். கடைசி வரைக்கும் ஓடணும்.”

“அண்ணனுக்குப் பயம்” என்றான் தம்பி.

“பயமா? அப்பாகிட்ட மறைக்க என்னடா இருக்கு? ஓடட்டும்.”

பாட்டு முடிந்தது. கரகரப்பு. பிறகு ஓர் இடி. இன்னொன்று. சுவரை யாரோ உள்ளிருந்து இடிக்கும் சத்தம்.

“அண்ணா” என்றது இசைத்தட்டிலிருந்து ஒரு பெண் குரல். “பாட்டு முடிஞ்சிருச்சு. நான் சத்தமே போடலையே. இப்பவாவது திறந்து விடுங்க.”

சிறுவயதில் பெரியவரைத் தூங்கவைத்த குரல். அப்பாவின் தங்கை, அத்தை. எவனோடோ ஓடிப்போனவள் என்று சொல்லி, குடும்பப் படங்களிலிருந்துகூடக் கத்தரித்து எறியப்பட்ட அத்தை.

ஒலிப்பதிவுக்காரன் முள்ளைத் தூக்கினான். குரல் நின்றது.

இடி நிற்கவில்லை.

மூவரும் விழுந்தடித்து வெளியேறினார்கள். வேறென்ன எதிர்பார்க்க முடியும்? பெரியவர் மட்டும் இடிபடும் சுவரில் முதுகைக் கொடுத்துத் தடுத்தார். தம்பி வெளியிலிருந்து தாழ் போட்டான்.

“ஒண்ணையும் ஏத்தக் கூடாது!” என்று கதவைப் பார்த்துக் கத்தினார் பெரியவர். “ஒரு தட்டுகூட வெளிய போகக் கூடாது!”

காரை உதிர்ந்தது. பிடரியில் ஈரம். விரல்கள்.

“பெரியவனே” என்றது காதருகே. “நீயாவது திற.”

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ ஓடிப்போய்விட்டார் என்று தம்பி உறவினர்களிடம் சொல்லிவருகிறான். தவறு. தாழிட்ட அந்த அறையில், சுவரிலிருந்து நீண்ட இரண்டு வெளுத்த கைகள் மார்பின்மேல் கோத்திருக்க, பெரியவர் நிமிர்ந்தே நிற்கிறார். இந்தக் குடும்பத்தில் யாரும் ஓடிப்போனதில்லை.