டிங்-குவோ கடைசியாகச் செய்த மென்பொருள்

பிரிக்காத பொட்டலத்திலிருந்து தேங்காய் வாசனை வந்தது. பெய்-ஷான் குனிந்து பார்த்தாள். எங்கும் கிழிந்திருக்கவில்லை. செத்துப்போன கணவனின் கணினி மேல் அது வைத்தது வைத்தபடியே இருந்தது. மெஷின் முரண்டு பிடிக்கக் கூடாதென்று சின்ச்சு ஊர் முழுக்க வைக்கிற அதே பச்சைப் பொட்டலம், தேங்காய்ப் பொரி. அதன்மேல் டிங்-குவோவின் கோணல் கையெழுத்து: “சமர்த்தா இரு.”

“அக்கா, தேதி போன பொட்டலத்தப் போய் யாராவது வெப்பாங்களா? மெஷினுக்குக் கோவம் வந்துடும்,” என்றான் பக்கத்து மேசை வெய்-லுன். “புதுசு வாங்கித் தரேன், இத எடுத்துடுங்க.”

“டிங்-குவோ எழுதினதுடா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“என்னமோ போங்க. சாயங்காலம் காயலான்கடைக்காரன் வந்து இந்த மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவான். அதுக்குள்ள அதுல இருக்கற மென்பொருள மத்த மெஷின் எல்லாத்துலயும் ஏத்திடுங்க.”

அவன் சுவருக்கு அந்தப் பக்கம் தன் மேசைக்கு மதியத் தூக்கத்துக்குப் போனான். அலுவலகம் முழுக்க விளக்குகள் அணைந்தன.

அந்தக் கணினி அறையில், எழுதிய நிரலை மென்பொருளாக மாற்றும் கம்பைலர் இருந்தது டிங்-குவோவின் கணினியில் மட்டும். மென்பொருள் அதில்தான் உருவாகும். வரிசையாக நிற்கிற மற்றவை அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். தாமாக ஒரு புள்ளியைக்கூட மாற்றத் தெரியாது அவற்றுக்கு. போன வசந்தத்தில், இதே மதிய இருட்டில், இந்தக் கடைசி மென்பொருள் உருவாகிக்கொண்டிருந்தபோதுதான் டிங்-குவோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். “ஷான்” என்று யாரோ கூப்பிட்டது காதில் விழத்தான் விழுந்தது. கனவு என்று முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். பாவி, எழுந்து போயிருக்கக் கூடாதா! அவன் கடைசியாகச் செய்த பொருளாவது எங்காவது ஓடிக்கொண்டிருக்கட்டும். அது போதும் அவளுக்கு.

முதல் கணினிக்கு அனுப்பினாள். விசிறிகள் இரைந்தன, குளிர்காற்றில் தேங்காய் வாசனை கனத்தது, இரைச்சலுக்கு அடியில் மெல்ல ஒரு மூச்சு கேட்டது, இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்துக் கேட்ட மூச்சு.

“ஷான்…”

பயந்துதான் போனாள். ஆனாலும் அழுகையோடு சிரிப்பும் வந்தது. “இதோ வரேன், போயிடாத,” என்று பதறி, மிச்சமிருந்த அத்தனை கணினிகளுக்கும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, முதல் கணினியின் பின்பக்கம் ஓடினாள்.

தரையில் கிடந்தான். அன்றைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. நெற்றியெல்லாம் வியர்வை.

தலையை மடியில் எடுத்துவைத்தாள். சூடாக இருந்தது. “இங்க பாரு. நான்தான். இந்தத் தடவ வந்துட்டேன் பாரு.”

பார்த்தான். மூச்சை இழுத்தான். நின்றது.

“ஷான்…”

மடியிலிருந்து அல்ல. அடுத்த கணினிக்குப் பின்னாலிருந்து. ஒரு கை தரையைப் பிறாண்டியது. அதற்கடுத்து இன்னொரு கை. இன்னொன்று. அறையின் கோடி வரைக்கும். எல்லாம் அவன் கை. எல்லாம் அவளைத்தான் கூப்பிட்டன.

“வெய்-லுன்! எழுந்திருடா! யாராவது வாங்களேன்!”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிற சத்தம். அவ்வளவுதான்.

எவனை விட்டு எவனிடம் ஓடுவாள்?

மடியில் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

“ஷான்…”

மறுபடியும் முதலிலிருந்து.