சிவப்புச் சூரியனின் நிழல்

காலை எட்டரை மணி. கோளரங்கத்தின் முன்கூடத்தில் மாட்டியிருந்த ஓவியத்தில் ஒரு சூரியனைக் காணோம்.

நேற்று மாலை வரை இரண்டு இருந்தன. இடப்பக்கம் பெரிய வெள்ளைச் சூரியன், வலப்பக்கம் சின்னச் சிவப்புச் சூரியன், கீழே ஏதோ ஒரு கிரகத்தின் பாறைகள். இப்போது சிவப்பு இருந்த இடத்தில் ஒன்றும் தெரியாத பிள்ளை போல வெறும் வானம். பத்து மணிக்குப் படத்தை ஏற்பதா வேண்டாமா என்று பார்க்கத் தேர்வுக் குழு வருகிறது. ஒரு வருஷம் உயிரைக் கொடுத்து வரைந்த ஓவியருக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

"இந்தக் கோளரங்கத்து விஞ்ஞானிதான்க்கா! சிவப்பு இவ்வளவு பெருசாத் தெரியாதுன்னு நேத்து என்கிட்ட மல்லுக்கு நின்னார். குழு முன்னாடியே அவர் மானத்தை வாங்கறேன் பாரு."

அக்கா போலீஸ் இன்ஸ்பெக்டர். விடுப்பில் வந்தாலும் வேலை அவளை விடுவதாயில்லை.

"பொறுடி. சாவி யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்ட ஒண்ணு, எங்க வீட்டுல ஒண்ணு."

விஞ்ஞானி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ராத்திரி என்ன பண்ணீங்க சார்?"

"கணக்கை மறுபடி போட்டேன். தப்பு என்னுதுதான், பெருசாத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான்..." படத்தைப் பார்த்தவர் வாயைப் பிளந்தார்.

வாயைப் பிளப்பது பெரிய வித்தையா என்ன? இன்ஸ்பெக்டர் படத்தை நெருங்கினாள். நேற்று தங்கை கைப்பேசியில் அனுப்பியிருந்த படத்தோடு ஒப்பிட்டாள். அதில் ஒவ்வொரு பாறைக்கும் சிவப்பாக ஒரு நிழல், வெளிர்நீலமாக ஒரு நிழல். இப்போது சிவப்பு நிழல்களும் மாயம். விரலை நனைத்து வானத்தில் லேசாகத் தேய்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது.

"இந்தச் சிவப்பு நிழல் எந்தச் சூரியனால சார்?"

"வெள்ளையால. வெள்ளை வெளிச்சம் மறையுற இடத்துல சிவப்பு வெளிச்சம் மட்டும்தானே விழும்?"

அப்போது தங்கையின் கணவர் தேநீரோடு உள்ளே வந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவரிடமும் அதே கேள்வி.

"என்னக்கா இது? சிவப்புக்குச் சிவப்பு நிழல்தான்! சிவப்பு எழுத்துக்குக் கருஞ்சிவப்புலதானே நிழல் கொடுக்கறேன்?"

"மாட்டிக்கிட்டீங்க மாப்பிள்ளை. சூரியனை அழிச்ச ஆளு நிழலையும் அழிச்சிருக்கார், ஆனா தப்பா வெள்ளைச் சூரியனோட நிழலை. சாருக்கும் இவளுக்கும் அந்தத் தப்பு தூக்கத்துலகூட வராது."

அவர் தேநீரைக் கீழே வைத்தார். "சார் சத்தம் போட்டதைக் கேட்டேன். அந்தச் சிவப்பைக் காட்டிக் குழு படத்தைத் தள்ளிட்டா இவ தாங்கமாட்டா. தண்ணிப் பெயிண்ட்தான். குழு போனதும் துடைச்சிடலாம்னு..."

அவரே ஈரத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். வார்னிஷ் பூசிக் காய்ந்திருந்த படத்திலிருந்து நீலம் எளிதாகக் கரைந்து, சிவப்புச் சூரியன் மெல்ல எட்டிப் பார்த்தது.

"ஒரு வருஷமா பக்கத்துலயே உக்காந்து பாத்தீங்க. எந்த நிழல் எதோடதுன்னுகூடத் தெரியலையா?" ஓவியர் சீறினாள்.

"படத்தை எங்க பாத்தேன்? வரையுற உன்னைத்தானே பாத்துட்டு இருந்தேன்."

விஞ்ஞானி சட்டென்று கூரையைப் பார்த்தார். ஓவியருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"துணியை இப்படிக் கொடுங்க," என்றாள். "அழுத்தித் துடைக்காதீங்க."