கூடத்தைத் தாண்டி

வாசல் கேமராவின் மெமரிக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. செஞ்சியில், ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த அலுவலகத்தில் உட்கார்ந்தபடி, வல்லத்திலிருந்த தன் வீட்டின் லினக்ஸ் கணினிக்குள் நுழைந்து, எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி பிடிக்கிறது என்று பார்க்க, கறுப்புத் திரையில் ‘டாப்’ என்று தட்டியிருந்தாள் கலைமதி. வாசல், கூடம், உள்ளறை என மூன்று கேமராவுக்கும் தனித்தனி புரோகிராம். எதிரில் ஏதாவது அசைந்தால், அசைவு நிற்கும்வரை காட்சியை மெமரியில் பிடித்து வைத்திருக்கும், நின்றதும் விட்டுவிடும்.

திரையின் ஓரத்தில் நேரலையாக ஓடிய வாசல் படத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. அவளே எழுதிய புரோகிராம், அதனால் சந்தேகமும் முதலில் அதன்மேல்தான். நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் ஏறியது.

அமாவாசைச் சாயங்காலம். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களின் ஹாரனும், டீசலும் கற்பூரமும் கலந்த வாடையும் சன்னல் வழியே வந்துகொண்டிருந்தன. அதில் ஒரு பஸ்ஸை அவள் புருஷன் விமல்ராஜ் ஓட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் மாமனார் தனகோட்டியும் இரண்டு வயது மோனிகாவும்தான்.

வாசல் கேமராவின் மெமரி எண் இறங்கியது. அப்பாடா என்பதற்குள் கூடத்தின் எண் ஏறத் தொடங்கியது. கூடம் வெறிச்சென்று கிடந்தது.

போன் போட்டாள்.

“மாமா, வீட்டுக்கு யாருனா வந்தாங்களா?”

“யாரும் வர்லியே. பின்னால மாட்டுக்குத் தண்ணி காட்டினு இருக்கேன். இன்னாம்மா, கொரல் நடுங்குது?”

“பாப்பா?”

“உள்ள தூங்குது.”

கூடம் அடங்கியது. உள்ளறை ஏறியது.

“மாமா, ஓடுங்க! பாப்பாவத் தூக்குங்க!”

“தோ போறேன், போறேன்.” செருப்புச் சத்தம். முட்டிவலிக்காரர். மெதுவான சத்தம்.

படத்தில் மோனிகா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாள். யாரோ தூக்க வந்ததுபோல இரண்டு கையையும் நீட்டினாள்.

பாயை விட்டு அந்தரத்தில் எழும்பினாள்.

அப்புறம் படத்தில் அவள் இல்லை.

கலைமதி கத்தினாள். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால். கையில் ஒரு கீபோர்டு.

கூடம் ஏறியது.

பின்கட்டு வழியாக மாமா அறைக்குள் வந்தார். காலிப் பாயின் மேல் குனிந்தார். எதையோ பதமாக வாரி எடுத்து மார்பில் சாய்த்துக்கொண்டார். போனைத் தோளில் இடுக்கினார்.

“தூக்கிட்டேம்மா. நல்லாத்தான் தூங்குது. எதுக்கு இவ்ளோ டென்ஷன்?”

வாசல் ஏறியது. ஏறி, மெல்ல இறங்கி, அடங்கியது.

படத்தில் மாமா வெறும் கையை ஆட்டி ஆட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்.