ஆக்லாந்திலிருந்து வந்த தாய்மாமன்

விடிந்ததிலிருந்து பரிமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பங்கரைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நடந்துகொண்டே போனைப் பார்த்தாள். மூன்று வயது மகள் சக்திக்கு இன்று காதுகுத்து. மொட்டை போட்டாகிவிட்டது, ஆசாரியும் வந்துவிட்டார், வாலிகண்டபுரத்துச் சொந்தமெல்லாம் பந்தலில் உட்கார்ந்திருந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன், அவள் தம்பி அரவிந்தனை மட்டும் காணோம்.

அவன் நியூசிலாந்தில் நர்ஸ். ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட விமானம் தாமதமானதில், சிங்கப்பூரில் திருச்சி விமானத்தைத் தவறவிட்டு அடுத்ததில் ஏறியிருந்தான். எத்தனை முறை சொன்னாலும் மாமியார் பொன்னாயி நம்புவதாக இல்லை. அந்தத் தெருவுக்கு வெளிநாடு என்றால் சிங்கப்பூர்தான். பக்கத்து வீட்டுக் காசிநாதன் அங்கே காலையில் ஏறி, மதியம் கறிசோற்றுக்கு வந்துவிடுகிறான். இவனுக்கு மட்டும் ஒரு பகலும் ஓர் இரவும் எதற்காம்?

“வர மனசில்லாதவன் பிளேன் மேல பழி போடுறான். நல்ல நேரம் முடியுது... எந் தம்பி மடியில உக்கார வச்சுக் குத்துங்க” என்றாள் பொன்னாயி.

பரிமளாவுக்கு நெஞ்சு எரிந்தது. வர மனசில்லையாம்! கல்யாணமான புதிதில் இதே வீட்டு விருந்தில், நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்து, “ஆம்பளயா பொறந்துட்டு அடுத்தவன் பீ அள்ளுற படிப்பு” என்று ஊர் சிரிக்கச் சொன்னவன் அவள் கணவன் ராஜவேல்தானே! அன்று எழுந்து போன தம்பி ஆறு வருடமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. குடும்பம் உடையக்கூடாதே என்று அவளும் ஆண்டிமடத்துத் தாய்வீட்டுக்குப் போகாமலே இருந்துவிட்டாள். அம்மா எத்தனை தீபாவளிக்கு அழுதிருப்பாள்!

“எந் தம்பி மடி இல்லன்னா எம் புள்ளைக்குக் காதே குத்த வேணாம் அத்தை” என்றாள். போனை ராஜவேலின் கையில் திணித்தாள். “அவன் எங்கேருந்து வரான்னு நீங்களே பாருங்க...”

ராஜவேல் போனில் ஆக்லாந்துவரை வரைபடத்தை விரலால் தள்ளினான். கடல், ஆஸ்திரேலியா, மறுபடியும் கடல். தள்ளத் தள்ள முடியவில்லை. பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டியது. அவனும் சிங்கப்பூர்த் தூரம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

“லீவு எத்தினி நாளு?”

“நாலு நாளுதாங்க. வரப் போகவே மூணு நாள் போயிடும்.”

ராஜவேல் போனைத் திருப்பிக் கொடுத்தான். மாலையிலும் நல்ல நேரம் இருக்கிறது, அப்போது குத்திக்கொள்ளலாம் என்று தாயிடம் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று சொல்லவில்லை. மகன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று பொன்னாயி மருமகளைத் திட்டித் தீர்த்தாள். விமானம் இறங்கிவிட்டதாகப் போன் காட்டியது. தம்பியிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை. கணவனும் எடுக்கவில்லை. பரிமளா வாசலுக்கும் தெருமுனைக்குமாக அலைந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் கார் வந்து நின்றது. தம்பியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கியவன் ராஜவேல். பின்னாலேயே அரவிந்தன். இருவர் கண்களும் சிவந்திருந்தன.

ராஜவேல் நேரே பந்தலுக்குப் போய், அரவிந்தனை மணையில் உட்கார வைத்தான். பரிமளாவின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி, தானே அவன் மடியில் வைத்தான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “இது எம் மச்சினன். நியூசிலாந்துல நர்ஸா இருக்காரு. உசுருக்குப் போராடுறவங்கள ராப்பகலா பாத்துக்கிறவரு.”

பரிமளா ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டு, சபை என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.