காயாத அங்கி

மாமனாரின் அங்கி மட்டும் காய்வதில்லை. முஹர்ரக் தீவின் வெயிலில் மொட்டைமாடியில் போட்ட மீன் மதியத்துக்குள் கருவாடாகிவிடும். பக்கத்துக் கொடியில் தொங்கும் போர்வை பலகையாய் விறைத்துவிடும். அந்த அங்கியோ நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். மருமகள் மோஸாவுக்குப் பிழிந்து பிழிந்து உள்ளங்கை வெடித்ததுதான் மிச்சம். துவைத்தது கிணற்று நீரில். பிழிந்த நீரோ உப்புக் கரித்தது.

"இது துணியா, ஊற்றா மாமி?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள் மாமியார் ஹுஸ்ஸா.

எதற்கும் இதே பதில்தான். மாமா ஏன் உள்ளறையை விட்டு வருவதில்லை? வேற வேலையே இல்லையா? ஏன் சாப்பிடுவதில்லை? வேற வேலையே இல்லையா?

இப்போது மோஸாவுக்கு ஒரே வேலைதான், கடலைப் பார்த்துக் காத்திருப்பது. முத்துக்குளிப்பு முடிந்து எல்லாப் படகுகளும் கரை சேர்ந்துவிட்டன. கணவன் ஷாஹீன் போன படகைக் காணோம். சிப்பி கிழிக்காமலிருக்க அவன் விரல்களுக்குச் சிவப்பு நூலால் தோலுறை தைத்து அனுப்பியவள் அவள்.

கடல் ஆளைத் தர மறுத்தால் அந்த ஊர்ப் பெண்கள் அதற்குச் சூடு வைப்பார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அலையில் அழுத்தி அதட்டுவார்கள். கூடவே ஒரு பூனையையும் முக்கி எடுப்பார்கள். பூனை செய்த குற்றம் என்னவென்று யாரும் விசாரித்ததில்லை.

"நம்ம வீட்டுப் பொம்பளைங்க கடலுக்குச் சூடு வைக்கிறதில்ல." ஹுஸ்ஸா வாசலை மறித்தாள்.

"ஏன்?"

"உனக்கு வேற..."

மோஸா அடுப்பிலிருந்து கம்பியை உருவிக்கொண்டு அவளை இடித்துத் தள்ளி இறங்கினாள்.

"வந்துட்டியாடி!" என்றாள் கரையில் நின்ற பக்கத்து வீட்டு ஸலாமா, நனைந்த பூனையோடு. "உங்க மாமி அனுப்ப மாட்டாளே! கோழி முட்டையைக் காக்கிற மாதிரில்ல உங்க மாமாவைக் காக்குறா! நல்லா அழுத்து, கடலுக்கு உறைக்கட்டும்!"

சூரியன் இறங்கி, அழுகிய சிப்பி நாற்றமும் எரியும் ஈச்சமட்டையின் புகையும் பெண்களின் கூச்சலும் ஒன்றாய்க் கலந்து கிடந்த அந்தக் கரையில், மோஸா இத்தனை நாள் எரிச்சலையும் சேர்த்துக் கம்பியை அலைக்குள் அழுத்தினாள்.

"திருந்து! என் ஆளைக் கொடு!"

சுர்ரென்றது. தோல் கருகும் வாடை. தண்ணீரில் ஏது தோல்?

முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல். வீட்டிலிருந்து.

கம்பியோடு ஓடினாள்.

உள்ளறையில் மாமனார் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கம்பியளவு சூடு. அதிலிருந்து ஆவி. ஹுஸ்ஸா ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமா கடல்லேருந்து திரும்பலைன்னு நானும் ஒரு தடவை சூடு வச்சேன்டி. உன் புருஷன் அப்போ கைக்குழந்தை. மறுநாளே கதவைத் தட்டுச்சு. எங்காளோட மூஞ்சிதான், எங்காளோட அங்கிதான். உள்ள விட்டுட்டேன்." துணியைப் பிழிந்தாள். "கடலையே உள்ள விட்டுட்டேன்."

மோஸாவுக்கு இன்னும் ஆத்திரம்தான். கம்பியை ஓங்கினாள்.

"என் ஆளைக் கொடு!"

அது அவளைப் பார்த்தது. சரி என்பதுபோல் தலையாட்டியது. வாயைத் திறந்தது.

தண்ணீர் வழிந்தது. பிறகு, வெகு ஆழத்திலிருந்து, ஷாஹீனின் குரல்.

"மோஸா... கையப் பிடி."

கீழுதடு அசைந்தது. உள்ளிருந்து நான்கு விரல்கள் அதைப் பற்றின.

தோலுறை. சிவப்பு நூல்.