கதவை மூடினால் கேட்கும்

காலை பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், மூடிக் கிடந்த ஒரு யூனிட்டின் வாசலில் கோகுலகிருஷ்ணன் ஸ்கூட்டரை நிறுத்தினான். பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி அன்புக்கரசி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். அந்த யூனிட்டைத்தான் அவன் வாடகைக்கு எடுத்து ஸ்டுடியோவாக்கியிருந்தான். ஊரில் அவனைச் சினிமாக்காரன் என்றார்கள். சினிமாவுக்கும் அவனுக்கும் இருந்த உறவு டிக்கெட் வாங்குவதோடு சரி. மெட்டுப் போடுவது, பதிவு செய்வது, ஒலியைச் சரிசெய்வது, நெட்டில் ஏற்றுவது எல்லாம் அவன் ஒருவனே. பாடுவது மட்டும் அன்பு.

அந்த இடத்தை அவன் பிடித்ததற்குக் காரணம் பின்பக்கம் இருந்த பழைய சூளை. ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து மெல்ல அடங்கும். அவன் அதற்குள் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வைத்தான். பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் விடுவான். சூளை முழங்கித் திருப்பித் தருவதை மைக்கில் பிடித்துப் பாட்டோடு சேர்ப்பான். பக்கத்து யூனிட்டின் மண் அரைக்கும் மெஷின் சத்தம் நுழையாமல் இருக்கச் சூளை வாசலுக்கு இரும்புக் கதவும் போட்டிருந்தான்.

"வாங்க சார். பூவாயி இப்பத்தான் மோரு வெச்சுட்டுப் போனா. குடிக்கிறீங்களா?" என்றார் வாட்ச்மேன் மாயவன். பூவாயி அவர் மனைவி. ஒரு காலத்தில் இதே சூளையில் பொம்மைகளை அடுக்கும் வேலை பார்த்தவர் மாயவன்.

அன்பு சூளையை எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு நானே உள்ள நின்னு பாடுறேங்க. ஸ்பீக்கர்ல வுட்டா என் கொரலு எனக்கே யாரோ மாதிரி இருக்குது."

கோகுலுக்குக் கசக்குமா? உடனே மைக்கை அவள் உயரத்துக்கு ஏற்றினான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"கதவ மூடணுமா சார்?" மாயவன் கேட்டார்.

"மூடலன்னா மெஷின் சத்தம் வந்துடும்ணே."

மாயவன் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்.

முன்னறையில் உட்கார்ந்து கோகுல் பதிவைத் தொடங்கினான். அன்பு ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சு இழுப்பாள். இழுக்கும்போது மூக்கில் சின்னதாக ஒரு விக்கல் விழும். ஆறு வருடமாக எல்லாப் பாட்டிலும் அந்த மூச்சுகளை வெட்டி எடுப்பதுதான் அவனுக்கு வேலை. 'மூச்சு வுடாம பாடுறதுக்கு நான் என்னா பொம்மையா?' என்று அவள் சண்டைக்கு வருவாள்.

இரண்டாவது சரணத்தில் மூச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. வெட்டும் வேலை மிச்சம் என்று அவன் சந்தோஷப்பட்டான்.

பாட்டு முடிந்ததும் போய்க் கதவைத் திறந்தான். அன்பு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தப் புழுக்கத்தில் நின்றவளுக்குக் கழுத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"நல்லா வந்துதா?"

"பிரமாதம்."

அவள் மோர் குடிக்க மரத்தடிக்குப் போனாள். தூசி போகாமல் இருக்கக் கதவை மூடிவிட்டு, அவன் முன்னறையில் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்க உட்கார்ந்தான். இரண்டாவது சரணத்திலிருந்து வரிகளுக்கு இடையில் ஒன்றுமே இல்லை. சத்தத்தை முழுக்க ஏற்றிப் பார்த்தான். உதடு பிரியும் ஓசைகூட இல்லை. குழப்பத்தோடு பதிவை நிறுத்தினான். சூளைக்குள் மைக் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது.

ஹெட்போனில் ஒரு மூச்சு கேட்டது.

மூக்கில் சின்ன விக்கலோடு.

"ஏங்க... கதவத் தொறங்க."

கோகுல் ஜன்னல் வழியாகப் பார்த்தான். மரத்தடியில் அன்பு மோர் குடித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஓடினான். கதவைத் திறந்தான். கருத்த செங்கல், மைக், ஸ்பீக்கர். வேறு யாரும் இல்லை. சுட்ட மண்ணின் நெடி முகத்தில் அடித்தது. மூடிவிட்டு ஓடி வந்து ஹெட்போனை மாட்டினான்.

அவள் அழுதுகொண்டிருந்தாள். "தொறந்தீங்க. வெளிச்சம் வந்துது. நான் எதுத்தாப்புலதான் நின்னேன். என்னப் பாக்காம செவுத்தப் பாத்துட்டு மூடிட்டீங்களே!"

சூளைக்குள் இருந்த ஸ்பீக்கர் வழியாகப் பேசும் மைக்கின் பொத்தானை அவன் அழுத்தினான். "அன்பு, தொறந்தப்பவே ஓடியாந்திருக்கலாமே?"

"ஓடியாந்தேங்க. கால எடுத்து வெளிய வெச்சா மறுபடியும் உள்ளதான் நிக்கிறேன்." குரல் தணிந்தது. "இங்க இன்னொரு ஆளு இருக்காரு. இருமுறாரு. பூவாயி, பூவாயின்னு கூப்புடுறாரு."

அவன் நான்கு தடவை திறந்தான். நான்கு தடவை மூடினான். திறந்தால் சூளை காலி, குரலும் இல்லை. மூடினால் குரல் வருகிறது. அவள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அவன் தன் கையாலேயே அவளை அடைத்து வைக்க வேண்டும். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? ஐந்தாவது தடவையும் திறந்து மூடினான்.

திரும்பி வந்தால், அறை வாசலில் மாயவன்.

"சத்தத்தக் கொறைச்சுடுங்க சார்."

"உங்களுக்குக் கேக்குதாண்ணே?"

"எனக்கு அந்த ஹெட்போனு வேணாம். கதவு மூடியிருந்தா கேக்கும்." அவர் கதவு நிலையில் சாய்ந்தார். "பதினோரு வருசம் ஆச்சு. நான் உள்ள இருக்குறது தெரியாம வாசல்ல கல்லு வெச்சு அடைச்சுட்டாங்க. கத்துனேன். அரை மணியில பிரிச்சு எடுத்தாங்க. வூட்டுக்குப் போனேன். பூவாயி ஒரு வாரம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சோறு போட்டா. என்ன வெளிய எடுத்த மறுநாளே சூளைய எரிச்சாங்க. அப்பவும் உள்ள இருந்தது கத்துச்சு."

"அப்ப உள்ள கூப்புடுறது யாரு?"

"அதுவும் நான்தான் போலருக்குது."

அந்தக் குரலில் துக்கமும் இல்லை, பயமும் இல்லை.

"ஏண்ணே காலையிலயே சொல்லல?"

"கதவ மூடணுமான்னு கேட்டேனே சார்."

அவரைத் திட்டவும் கோகுலுக்குத் தெம்பில்லை. அன்பு இல்லாத ஒரு நாளை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "நான் உள்ள போறேன். கதவ மூடிட்டு அஞ்சு நிமிசத்துல தொறங்க. அவ கையப் புடிச்சு இழுத்தாந்துடுறேன்."

"வேணாம் சார்," என்றார் மாயவன். ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

மரத்தடியிலிருந்து வந்த அன்பு, அவன் குனிந்து சூளைக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கு என்று கேட்கவில்லை.

கதவு மூடியது.

இருட்டு கண்ணை அப்பியது. "அன்பு!" என்று கத்தினான். ஒரு தட்டுக்குச் சுற்றிச் சுற்றி முழங்கும் சூளை, அவன் குரலுக்கு எதையுமே திருப்பித் தரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

மூன்றாவது சுற்றில் அவன் வலது கையை ஐந்து விரல்கள் பிடித்தன.

அன்புவின் விரல்கள். சுடச்சுட, வியர்வையோடு, நடுங்கிக்கொண்டிருந்த விரல்கள். அவன் கெட்டியாகப் பற்றிக்கொண்டான். கதவு திறந்து வெளிச்சம் கொட்டியது. விடாமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

கையில் ஒன்றும் இல்லை.

"மூடுங்கண்ணே! மூடுங்க!" என்று அலறிக்கொண்டே முன்னறைக்கு ஓடி ஹெட்போனை மாட்டினான்.

"வந்துட்டீங்களா!" அன்பு அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"வந்துட்டேன். அழாத. கைய மட்டும் வுட்டுடாத."

அது அவன் குரல்.

அவன் வாய் மூடியிருந்தது.

கோகுல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எல்லாமே ஞாபகம் இருந்தது. கல்யாணத்தன்று பெய்த மழை, அவள் முதன்முதலில் பாடியபோது வெட்கத்தில் திரும்பிக்கொண்டது, நேற்று வைத்த மீன்குழம்பு. அவள்மேல் இருந்த ஆசையும் ஒரு துளி குறையாமல் அப்படியே இருந்தது. அவளிடம் போய்ச் சேர்ந்தவன்தான் வேறொருவன். அழ வேண்டும்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை.

"பழகிடும் சார்," என்றார் மாயவன்.

தோளில் ஒரு கை விழுந்தது. "வூட்டுக்குப் போலாமா?" சூளையிலிருந்து வெளியே வந்த அன்பு பக்கத்தில் நின்றாள்.

ஹெட்போனில் இரும்புக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய குரல், முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு கேட்டது.

"வெளிய யாருங்க இருக்கீங்க? கொஞ்சம் கதவத் தொறங்களேன்."