கொல்லை ஆணியில் ஒரு கண்ட்ரோலர்

நெஞ்சில் நியாயம் உள்ளவர்களே, சற்று என்னோடு வாருங்கள். மடுகரையில் கரும்புத் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மாடிவீட்டின் கொல்லைப் பக்கம் வந்து சாட்சியாக நில்லுங்கள். அங்கே சுவரில் ஓர் ஆணி. ஆணியில் பிடி வைத்த ஓர் எவர்சில்வர் குவளை. அதனோடு, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு கேம் கண்ட்ரோலர். அதன் வயர் எதிலும் செருகப்படவில்லை. ஆயினும் அதன் சின்னஞ்சிறு விளக்கு எரிகிறது.

அந்தி மயங்கும் நேரத்தில் அரிகரன் அதைப் பார்த்தான். பார்க்காதவன் போல உள்ளே வந்து கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தான். பார்க்காதவன் போல இருப்பது அவனுக்குப் பழகிப்போன வித்தை.

கண்ட்ரோலர்கள் இரண்டு. இரண்டையும் வாங்கியவன் பள்ளியிலிருந்தே அவனுடைய கூட்டாளியான பாக்யராஜ். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்து வாங்கிய முதல் சம்பளத்தில், "உனக்கொண்ணு, எனக்கொண்ணு" என்று கொண்டுவந்தான். ஒரே கறுப்பு, ஒரே எடை. வேற்றுமையை உண்டாக்கியவள் அரிகரனின் தாய் செல்வகுமாரி. காலனிப் பிள்ளையின் கை பட்ட கண்ட்ரோலரைக் குவளையைப் போலக் கழுவிக் கவிழ்க்க முடியாதே. ஆகவே ஒன்றின் முதுகில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தாள். அது பாக்யராஜுக்கு. ஞாயிறுதோறும் அவன் கொல்லை வழியாக வருவான். ஆணியிலிருந்து அதை எடுப்பான். நிலைப்படிக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் அமர்ந்து, வயரை மட்டும் உள்ளே அனுப்பி விளையாடுவான். அரிகரன் உள்ளே, சுழல் நாற்காலியில். கல்லூரி மேடையில் சமத்துவம் பேசிப் பரிசு வாங்கியவன் அவன். வயருக்குத் திறந்த வாசல் நண்பனுக்கு ஏன் திறக்கவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, பேச்சு சுவாரசியத்தில் பாக்யராஜ் பொட்டில்லாத கண்ட்ரோலரை வாங்கி ஆடிவிட்டான். செல்வகுமாரி சத்தம் போடவில்லை. சொம்பில் மஞ்சள் கரைத்துக் கொண்டுவந்து, அதன்மேல் கையால் அள்ளி அள்ளித் தெளித்தாள்.

"இன்னாடா அரி, வயசுக்கு வந்துடுச்சா அது?" என்று பாக்யராஜ் சிரித்தான்.

அரிகரனும் சிரித்தான். பாக்யராஜ் அதன்பின் வரவில்லை. ஷிப்டு முடிந்து திரும்புகையில் லாரி மோதிச் செத்தான் என்ற செய்திதான் வந்தது.

இன்று காலை பாக்யராஜின் தாய் காசம்மாள் வந்து கொல்லையில் நின்றாள்.

"அம்மா, எம்புள்ள ஆச ஆசயா வாங்குன சாமான் இங்க கீதுன்னு சொல்வான். கல்லறையில அவன் பக்கத்துல வெக்கணும். குடுத்தா போயிடுவேன்."

"எங்க வூட்டுல கீற சாமான் உன் புள்ளைது எப்டிடி ஆவும்?" என்றாள் செல்வகுமாரி.

காசம்மாள் அரிகரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, நீயே சொல்லுப்பா."

தன்னுடையது பழுதாகிவிட்டதே, அது வேண்டியிருக்குமே என்று ஓர் அற்ப நினைப்பு. "அது என்னுதுதான்" என்றான், தரையைப் பார்த்து. அந்தத் தாய் வந்த வழியே திரும்பிப் போனாள்.

இப்போது வீட்டில் வேறு எவரும் இல்லை. செல்வகுமாரி கோயிலுக்குப் போயிருந்தாள். தூரத்தில் மோட்டார் கொட்டகையின் இரைச்சல் விட்டுவிட்டுக் கேட்க, ஈரக் கரும்புச் சோகையின் வாடை சன்னல் வழியே கசிந்துவர, அரிகரன் பொட்டில்லாத கண்ட்ரோலரை முன்பக்கத் துளையில் செருகிப் பார்த்தான், பின்பக்கத் துளைக்கு மாற்றினான், வேறு வயர் போட்டான், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினான், கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினான். ஒவ்வொரு முறையும் திரையில் அதே வரி: கருவி எதுவும் கண்டறியப்படவில்லை. பொத்தான்களின் இடுக்கிலிருந்து மஞ்சள் வாடை எழுந்தது. உள்ளங்கை மஞ்சளாகியிருந்தது.

அவன் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

டிங். ஏதோ இணைந்த ஒலி.

திரையில் ஒரு வரி கூடியிருந்தது. கண்ட்ரோலர் இரண்டு: இணைக்கப்பட்டது.

அவன் தொடவில்லை. விளையாட்டு தானாகத் திறந்தது. அம்புக்குறி நகர்ந்து, பாக்யராஜ் வழக்கமாக எடுக்கும் அணியின்மேல் நின்றது.

கொல்லைக்கு ஓடினான். பையினுள் விளக்கு இன்னும் எரிந்தது. மூச்சு விடுவதுபோலப் பாலித்தீன் உப்பி அடங்கியது. எடுத்துக்கொண்டு போய்விடலாம், காசம்மாளின் காலடியில் வைத்து உண்மையைச் சொல்லிவிடலாம். கையை நீட்டினான்.

கை பைக்கு முன்னால் நின்றுவிட்டது.

எவரும் தடுக்கவில்லை. பேயும் தடுக்கவில்லை. பாக்யராஜின் விரல் பட்ட பொருளைத் தொட அவன் கைக்கே மனம் வரவில்லை. கற்ற கல்வியெல்லாம் சேர்ந்தும் அந்த விரல்களை அசைக்க முடியவில்லை. வெட்கம் உச்சந்தலைவரை சுட்டது. கையை இழுத்துக்கொண்டான்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

சன்னல் வழியே பார்த்தான். சுழல் நாற்காலி மெல்லத் திரும்பி நின்றது. மெத்தை அழுந்தியிருந்தது. எவரும் இல்லை. பொத்தான்கள் சொடுக்கின. திரையில் ஆட்டம் ஓடியது.

வாசல் பக்கம் செருப்பின் ஓசை. செல்வகுமாரி உள்ளே வந்தாள். விளக்கைப் போட்டாள். நாற்காலியின் முதுகில் வாஞ்சையோடு கை வைத்தாள்.

"சாப்புட்றியா அரி?"

"அம்மா, நான் இங்க கீறேம்மா." அரிகரன் சன்னலைத் தட்டினான்.

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள வராதபா. அங்கயே நில்லு, தண்ணி தரேன்."

ஆணியிலிருந்த குவளையை நுனிவிரலால் எடுத்தாள். தரையில் வைத்தாள். சொம்பை உயரத் தூக்கி ஊற்றினாள். ஒரு துளியும் தன்மேல் தெறிக்காமல்.

அவன் கை குவளைக்குப் போனது. இம்முறை தயங்கவில்லை. புறங்கையில் ஏதோ ஈரம் மின்னியது.

சிவப்புப் பொட்டு. இன்னும் காயவில்லை.

சாட்சிக்கு வந்தவர்களே, பார்த்தது போதும், வீட்டுக்குப் போங்கள். வாசல் வழியாக நுழையாதீர்கள். கொல்லையைச் சுற்றிக்கொண்டு போங்கள். சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். ஆணி தட்டுப்பட்டால் பிடுங்கி எறியுங்கள். இன்றே. உங்கள் கதவு உட்பக்கமாகச் சாத்திக்கொள்ளும் முன்னே.